வைஃபை பெயரில் பேசிய கண்டக்டர்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கண்டக்டர் மாமா சட்டையைக் கழற்ற மாட்டார். செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். டிவிக்கு மேலே பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரை ஒரு பார்வை பார்ப்பார். பையிலிருந்து போனை எடுத்து, நின்றபடியே, ஒற்றை விரலால் எதையோ தட்டுவார். அவ்வளவுதான், அவர் வீட்டிலும் அதற்கு நேர் கீழே இருந்த அக்கா வீட்டிலும் இன்டர்நெட் அறுந்துபோகும்.

"தம்பிக்குக் கருத்து வந்துடுச்சு" என்பாள் கீழ்வீட்டில் அக்கா.

அக்காவின் மகள் தலையில் கை வைத்துக்கொள்வாள். வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதோ, சான்றிதழ் பாதி ஏறியிருக்கும்போதோதான் மாமாவுக்குக் கருத்து வரும். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மிதித்ததோடு நிற்காமல் பட்டமும் வாங்கிவிட்டதால் மாமா அவளுக்குப் 'பட்டதாரி' என்று பெயர் வைத்தார். வீடும் தெருவும் அப்படியே பிடித்துக்கொண்டன. கேஸ் பதிவு, ஆஸ்பத்திரி டோக்கன், கரண்ட் பில், ஓ.டி.பி. வரவில்லை என்ற புலம்பல் என்று எல்லாவற்றுக்கும் "பட்டதாரியைக் கூப்பிடு" என்பார்கள். வேலை மட்டும் கிடைத்தபாடில்லை. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், இன்னொருவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல அவளுக்கு ஒரு கூச்சம்.

மாமாவின் கருத்து விஷயத்துக்கு வருவோம். ஒரு தெருவில் நின்று யார் போனைத் திறந்தாலும் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும் அல்லவா? அந்தப் பெயரை நாமே மாற்றலாம் என்பதை மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் பட்டதாரிதான். ரவுட்டர் வாங்கிய அன்று, "என்ன பேரு வைக்கலாம் மாமா?" என்று கேட்டாள். மாமா திருப்பிக் கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியுமா அது?"

"பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும்."

"அப்ப 'மூணாவது கம்பம் லைட் எரியல'ன்னு வை."

அப்படி ஆரம்பித்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி ஏற்காது. இடைவெளியும் அதற்குள்தான் அடக்கம். மாமாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் எதையும் ரெண்டு வார்த்தையில் சொல்லிப் பழகியவர். மழைக்குப் பிறகு 'ரோடா ஆறா' என்று வைத்தார். சாக்கடை மூடி காணாமல் போனபோது 'மூடி எங்கே' என்று வைத்தார். ஒருநாள் 'நெட் ஸ்லோ, ட்ரெய்னேஜ் அதைவிட ஸ்லோ' என்று தட்டிவிட்டு, எழுத்தெண்ணிப் பார்த்து, சரியாக முப்பத்திரண்டு வருகிறது என்று அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

"வாயால சொன்னா என்ன?" என்று அத்தை கேட்பாள். அத்தை என்றால் மாமாவின் மனைவி.

"காலையிலேர்ந்து கத்திட்டு வர்றேன். வாய்க்கு லீவு."

உண்மைதான். பஸ்ஸில் அவர் குரல் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பும். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட விரலால்தான் காட்டுவார்.

தெரு முதலில் சிரித்தது. பிறகு பதில் சொல்லத் தொடங்கியது. 'மூடி எங்கே' என்ற கேள்விக்குக் கீழே, மருந்துக் கடைக்காரரின் வைஃபை 'என் கடை வாசல்ல இருக்கு' என்று பெயர் மாறியிருந்தது. பக்கத்துக் கட்டடத்து மாடியில் தனியாக இருந்த ஒருவர் 'பாஸ்வேர்டு குடுங்க கண்டக்டர்' என்று வைத்து, ஒரு மாதம் அப்படியே விட்டிருந்தார். எதிர்க் கட்டடத்தில் முதல் மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் மட்டும் வம்புக்கு வராமல் காரியமாகப் பேசுவார். 'நாளை தண்ணி காலையில் மட்டும்' என்று டீச்சர் வீட்டு வைஃபை சொன்னால் தெருவே குடத்தை நிரப்பி வைத்துக்கொள்ளும்.

அந்த டீச்சரிடம்தான் பட்டதாரி ஒரு காலத்தில் கணக்குப் படித்தாள். இப்போது டீச்சர் கொடுக்கும் பயிற்சித் தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து திருத்திக் கொடுப்பாள். வேலை கிடைக்கும்வரை கைச்செலவுக்கு ஆயிற்று.

தெருமுனையில் முன்பு ஒரு பெரிய குப்பைத்தொட்டி இருந்தது. நகராட்சி அதைத் தூக்கிவிட்டு, இனிமேல் வண்டி காலையில் வீட்டு வாசலுக்கே வரும், கையில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. தொட்டி போயிற்று, குப்பை போகவில்லை. தினமும் விடியும்போது அந்த முனையில் பத்துப் பதினைந்து பைகள் உட்கார்ந்திருக்கும். நாய்கள் வந்து பிரித்துப் பார்க்கும். வண்டிக்காரர் வந்து, "இதெல்லாம் யாரு அள்ளுறது?" என்று திட்டிக்கொண்டே பாதியை அள்ளுவார்.

நகராட்சியின் செயலியில் பட்டதாரி புகார் கொடுத்தாள். மறுநாளே பதில் வந்தது: 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தீர்க்கப்பட்ட புகாரை ஒரு நாய் முகர்ந்துகொண்டிருந்தது.

மாமா கொதித்தார். 'குப்பை போடுவது யார்' என்று வைத்தார். 'நான் இல்லை' என்றது மருந்துக் கடை. 'நானும் இல்லை' என்றது மாடி வீடு. தெருவில் ஒருவருமே குப்பை போடவில்லை என்று வைஃபை பட்டியல் சாதித்தது.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவுக்கு விடுமுறை. டீ வாங்கக் கீழே போனவர், முனையில் நின்று குனிந்து எதையோ பார்த்தார். நாய் பிரித்துப் போட்ட ஒரு பையிலிருந்து காகிதங்கள் பறந்துகொண்டிருந்தன. சிவப்பு மையில் திருத்திய கணக்குத் தாள்கள். மாமா ஒரு தாளைக் காலால் திருப்பிப் பார்த்தார். டீ வாங்காமலே மாடியேறினார்.

இன்டர்நெட் போயிற்று. கீழ்வீட்டில் பட்டதாரி ஒரு நிறுவனத்தின் தேர்வில் ஏழாவது கேள்வியில் இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து, புதுப் பெயரைத் தேடினாள்.

'மூலைக் குப்பை டீச்சர் வீட்டுது.'

அவளுக்குத் தேர்வு மறந்துபோயிற்று. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். மாமா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவர்போல.

"மாமா, அதை மாத்துங்க."

"சாட்சி இருக்கு பாப்பா. பேப்பர்ல சிவப்பு மை. இந்தத் தெருவுல சிவப்பு மையில எழுதுறது யாரு?"

"நான்."

மாமா காலை மடக்கினார்.

"அந்த பேப்பர் எல்லாம் நான் திருத்தினது. பழசு வேண்டாம்னு டீச்சர் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை நம்ம குப்பைப் பையில போட்டேன். பையைக் கதவோரம் வச்சேன். விடியறதுக்கு முன்ன போறப்ப எடுத்துட்டுப் போனது யாரு?"

அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. முதல் பஸ்ஸுக்குப் போகும்போது மேல்வீட்டுப் பையையும் கீழ்வீட்டுப் பையையும் தூக்கிப் போவது வருஷக்கணக்கில் அவருடைய வேலை. தொட்டி இருந்த காலத்தில் தொட்டியில் போட்டார். தொட்டி போன பிறகு, தொட்டி இருந்த இடத்தில் வைத்தார்.

"நான் வண்டிக்காக வச்சேன்" என்றார் மெதுவாக. "வண்டி வந்து எடுக்கும்னு வைக்கிறது வேற. குப்பை போடுறது வேற."

"எல்லாரும் வண்டிக்காகத்தான் வைக்கிறாங்க" என்றாள் அத்தை. "ஊர்ல குப்பையே போடாத தெரு நம்ம தெருதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்; சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மாமா சிரிக்கவில்லை. உடனே பெயரை அழித்துவிட்டு ஒரு புள்ளியை வைத்தார். அது ஒன்றும் மணிக்கணக்கில் தொங்கிய பெயர் அல்ல. ஆனால் ஞாயிறு காலை டியூஷன் வகுப்பு நேரம். பத்துப் பிள்ளைகள், பத்துப் பேரின் சட்டைப்பையிலும் போன். பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. மத்தியானம் பட்டதாரி பட்டியலைத் திறந்தபோது டீச்சர் வீட்டு வைஃபை அதில் இல்லை. மாலைக்குள் 'குப்பை டீச்சர்' என்ற பட்டப்பெயர் தெருவில் விளையாடும் பிள்ளைகள் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு அம்மா தன் பிள்ளையை அடுத்த வாரம் அனுப்பவில்லை என்றும் கேள்வி.

மாமா அன்று சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய் ரவுட்டர் முன்னால் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "பொதுவுல சொன்னதைப் பொதுவுலதான் திருப்பி எடுக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் தட்டினார்: 'டீச்சர் மன்னிக்கணும், பை என்னுது.' இடம் பற்றாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஒரு எழுத்துக்கு இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

தெரு முழுக்கப் பார்த்தது. மருந்துக் கடைக்காரர் தன் வைஃபை பெயரை 'பெட்டி என்னுது' என்று மாற்றினார். மூலையில் கிடந்த அட்டைப்பெட்டிகள் அவர் கடையுடையவைதாம். மாடிவீடு 'என்னுதும் ஒண்ணு இருக்கு' என்றது. இரண்டே நாளில் அந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு வாக்குமூலம் மாதிரி இருந்தது. படிக்க வேண்டியவர் மட்டும் படிக்கவில்லை. டீச்சர் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார்; போனில் அந்தப் பட்டியலைத் திறப்பதையும் விட்டுவிட்டார்.

திருத்திய தாள்களைக் கொடுக்கப் போகும்போது பட்டதாரிக்குக் கால் வரவில்லை. தாள் தன்னுடையது. பையில் போட்டது தான். பெயர் வைக்கச் சொல்லிக்கொடுத்ததும் தான். ஒவ்வொரு பெயரைப் பார்த்தும் முதல் ஆளாகச் சிரித்ததும் தான். இதில் தன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு டீச்சரிடம் படித்தவளுக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

"உக்காரு" என்றார் டீச்சர். மேசையில் சாக்பீஸ் தூள், மூடி திறந்த பசை டப்பா, ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன கம்பாஸ் பெட்டி.

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மாமா வைத்திருக்கும் புதுப் பெயரையும் சொல்லி, போனில் எடுத்துக் காட்டப்போனாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியும். வர்ற பசங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க."

"அப்புறம் என்ன டீச்சர்?"

"பசங்க எனக்கு எத்தனையோ பேரு வச்சிருக்காங்க. முட்டைக்கண்ணு, கால்குலேட்டர், ராக்கெட். எல்லாம் தெரியும், ஒண்ணும் கோபம் கிடையாது. இந்தப் பேரு பசங்க வச்சது இல்ல. எதிர்வீட்டுல இத்தனை வருஷமா இருக்கிற மனுஷன் வச்சது. படியேறி வந்து, 'டீச்சர், உங்க பேப்பரா இது?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. இப்ப மன்னிப்பையும் பெட்டிக்குள்ள போட்டு வச்சுட்டா எப்படி?"

"நான் மாமாகிட்ட சொல்றேன்."

"நீ சொல்லாத. நீ சொன்னா அது நீ சொன்னதாத்தான் இருக்கும். உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அவரே வாயால சொல்லட்டும்."

அவள் எழுந்தபோது டீச்சர் அலமாரியைக் காட்டினார். "அந்த ஒயரை எடு. மாட்டி விட்டுட்டுப் போ. நான் சொல்ற பேரை வை."

அன்று மாலை பட்டியலில் டீச்சர் வீடு மறுபடி வந்தது. 'வாயால சொல்லுங்க கண்டக்டர்.'

மாமா அதை வாசலில் நின்றபடியே படித்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். செருப்பைக் கழற்றினார். ரவுட்டர் பக்கமே திரும்பவில்லை.

"ஒரு வார்த்தைதானே? போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் அத்தை.

"போறேன். நாளைக்கு."

நாளைக்கு என்பது பஸ்ஸிலேயே வந்து ஏறியது. பட்டதாரி மாமாவின் பஸ்ஸில் ஒரு நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் டீச்சர் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். இவர்கள் சீட்டுக்கு வந்ததும் நின்றார். தொண்டையைச் செருமினார். முன்சீட்டில் இருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். தெருக்காரிதான், அவளுக்கும் விஷயம் தெரியும்.

"டீச்சர்..." என்றார் மாமா.

"சொல்லுங்க கண்டக்டர் சார்."

மாமாவின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"...அடுத்த ஸ்டாப் இறங்குறவங்க முன்னாடி வந்துடுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற குரலில் சொல்லிவிட்டு விசிலை ஊதினார். டீச்சர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பட்டதாரி முதலில் பயந்துபோனாள். குனிந்து பார்த்தால், டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

வாய் ஒத்துழைக்காத மனிதர் கையால் செய்ய முடிந்ததைச் செய்தார். முதல் பஸ்ஸை இன்னொரு கண்டக்டரிடம் தள்ளிவிட்டு, அவருடைய மத்தியான ட்ரிப்பைத் தான் வாங்கிக்கொண்டார். மத்தியான ட்ரிப் என்றால் வெயிலும் நெரிசலும். எந்தக் கண்டக்டரும் கேட்டு வாங்க மாட்டான். காலையில் வண்டி வரும் நேரத்துக்கு முனையில் போய் நின்றார், கையில் விசிலோடு. தூரத்தில் யாராவது பையைக் கீழே வைக்கப்போனால் ஒரு விசில். பை தானாகக் கைக்குத் திரும்பும். வண்டி வந்ததும், "பின்னாடி இடம் இருக்கு, வரிசையா வாங்க, சில்லறையா கொண்டுவராதீங்க, மூட்டையா கட்டிக் கொண்டு வாங்க" என்று தெருவையே பஸ்ஸாக்கிவிட்டார். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மருந்துக் கடைக்காரர் அட்டைப்பெட்டிகளைத் தட்டி மடித்து அடுக்கிக் கொடுத்தார். மாதம் முடியும்போது அந்த முனையில் சிமென்ட் தரை தெரிந்தது. அங்கே ஒரு சிமென்ட் தரை இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. 'குப்பை டீச்சர்' என்பதும் பிள்ளைகள் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. மாமாவுக்குக் 'குப்பை கண்டக்டர்' என்று புதுப் பெயர் வந்தது. அவர் அதை மறுக்கவில்லை.

டீச்சரும் தினம் தன் பையோடு வருவார். தினமும் அது ஒரு வாய்ப்பு. "வாங்க டீச்சர்" என்பார் மாமா. "இதோ டீச்சர்" என்பார். "மழை வரும்போல டீச்சர்" என்பார். ஒருநாள் வண்டிக்காரர் குப்பையை நசுக்கும் எந்திரத்தைப் போட்டார். காது பிளக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் மாமா குனிந்து எதையோ சொன்னதைப் பட்டதாரி மாமா வீட்டு மாடியிலிருந்து பார்த்தாள். உதடு அசைந்தது நிச்சயம்.

எந்திரம் நின்றது.

"கேக்கல கண்டக்டர் சார்" என்றார் டீச்சர்.

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். வண்டிக்காரர், மருந்துக் கடைக்காரர், பையோடு நாலு பேர். "ஒண்ணும் இல்ல டீச்சர். பையைக் குடுங்க."

பட்டதாரிக்கு இது புரிந்தும் புரியாமலும் இருந்தது. இத்தனை கத்துகிற மனிதருக்கு இந்த ஒரு வாக்கியத்தில் அப்படி என்ன கனம்? மறுநாள் டீச்சரிடம் கேட்டாள், "நிஜமாவே உங்களுக்குக் கேக்கலயா?"

"பாதி கேட்டுச்சு" என்றார் டீச்சர். "பாதியை வாங்கிட்டு நான் என்ன பண்றது?"

அந்த மாதமே அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரு இன்டர்நெட் நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகாருக்கு எழுத்தில் பதில் சொல்கிற வேலை. மாமா தெருவில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அலுவலகத்தில் முதல் வாரமே அவளுக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்ற வாக்கியத்தை அவள் தட்டக்கூட வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே போகும். காலை முழுக்க அழுத்துவாள். ஒருவர்கூட அதற்கு 'பரவாயில்லை' என்று எழுதியதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்த விதத்தை நினைத்துக்கொள்வாள். மாமாவுக்கு ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதும் அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. அவர் அந்த வார்த்தையைச் செலவழித்தே பழகாதவர்.

மாமாவுக்கு இடமாற்றம் வந்தது. தொலைதூர வண்டி, வேறு டிப்போ. வாரத்தில் ஒருநாள்தான் வீடு. முனையில் விசில் ஊத மாடிவீட்டுக்காரர் தானாக முன்வந்தார். கிளம்பும் அன்று மாமா பட்டதாரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ இப்ப அந்த வேலைதானே பாக்குற. நல்லா எழுதுவ. என் சார்புல அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"முடியாது மாமா."

"ஏன்?"

"அது உங்க டிக்கெட். நான் வாங்க முடியாது."

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். "பட்டதாரின்னு பேரு வச்சது தப்பாப் போச்சு" என்று முனகிக்கொண்டே பையைத் தூக்கினார்.

போன சனிக்கிழமை வந்திருந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, தெருவைக் குறுக்கே கடந்து எதிர்க் கட்டடத்துப் படியேறினார். அத்தையும் பட்டதாரியும் சன்னலில் நின்றார்கள். கதவு திறந்தது. உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. அத்தை, "இன்னிக்கு முடிஞ்சுது" என்று பெருமூச்சு விட்டாள்.

திரும்பி வந்தபோது மாமாவின் முகம் மலர்ந்திருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். நீங்க எப்படின்னு கேட்டாங்க. டீ குடுத்தாங்க. முட்டி வலியாம், மாத்திரை பேரு சொன்னேன். புது ரூட்டைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். நம்ம தண்ணிக்குழாய் விவகாரம் எல்லாம் பேசினோம். நல்லாப் பேசிட்டிருக்கும்போது நடுவுல அதை எங்க சொருகுறது, சொல்லு?"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா அன்றைக்கே பஸ் பிடித்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடைத்த பிறகும் விடாமல் திருத்திக்கொடுக்கும் தாள்களோடு பட்டதாரி போனபோது டீச்சர் மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உன் மாமா வந்தாரு" என்றார். "எல்லாம் பேசினாரு. அது ஒண்ணு பாக்கி."

"இனிமே அதை விட்டுடக் கூடாதா டீச்சர்?"

டீச்சர் ஒரு மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தம்ளரைக் கீழே வைத்தார்.

"விடமாட்டேன். அடுத்து எப்ப வர்றாருன்னு கேட்டுச் சொல்லு."